ஒன்பது விரல் குரங்கு

"பாலைவனத்துக்குப் பின்னால லைட் போட்டது ஆர்?" என்று சண்முகநாதன் கேட்டார்.

கேட்டுவிட்டு, மதுஜா வழக்கம்போல முறைப்பாள் என்று காத்திருந்தார். அவள் முறைக்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு கணினித் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"திருப்பிச் சொல்லுங்கோ அண்ணை."

"நான் பகிடிக்குச் சொன்னனான் பிள்ளை."

"பகிடியைத்தான் திருப்பிச் சொல்லச் சொல்லுறன்."

சுவிசில், டீட்டிகோன் நகரில் ஒரு தமிழ்க் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் மதுஜாவின் துப்பறியும் அலுவலகம். கீழே கருவாட்டுப் பெட்டி வந்து இறங்கினால் மேலே ஜன்னல் திறக்க வேண்டும். காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் பொய் நோயாளிகளைப் பிடித்துக் கொடுத்துச் சலித்துப்போய், முப்பத்தொன்பதாவது வயதில் சொந்தமாகத் தொடங்கியவள். சண்முகநாதன் அவளுடைய உதவியாளர். அவருக்கு ஐம்பத்தேழு வயது. ரெஸ்டோரண்ட் குசினிகளில் இருபத்தொரு வருடம் நின்று முழங்காலைத் தேய்த்தவர். இப்போது அவளுக்குக் கார் ஓட்டினார், ஆட்களிடம் கதை கொடுத்துக் கதை வாங்கினார். மிச்ச நேரத்தில் பகிடி விட்டார்.

திரையில் இருந்தது ஒரு புகைப்படம். நேற்றுப் பின்னேரம் கனகரத்தினம் என்ற பெரியவர் கொண்டுவந்தது. அறுபத்தொன்பது வயது மனுஷன், கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தன் மகனின் கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மகன் சாயிசன், முப்பத்து மூன்று வயது. ஆரா நகரில் நில அளவையாளராக வேலை. சின்ன வயதிலிருந்து அவனுக்கு ஒரே பைத்தியம், பெரு நாட்டின் நாஸ்கா பாலைவனத்தில் தரையில் கீறியிருக்கும் சித்திரங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னர் யாரோ மேற்கல்லை விலக்கி, அடியிலிருந்த வெளிறிய மண் தெரியும்படி கீறி வைத்த குரங்கு, சிலந்தி, தேன்சிட்டு. ஒவ்வொன்றும் ஒரு விளையாட்டு மைதானத்தின் அளவு. எதற்குக் கீறினார்கள் என்று இன்றுவரை ஒருவரும் தீர்மானமாகச் சொன்னதில்லை. தரையில் நின்றால் வெறும் பள்ளம்தான் தெரியும். சின்ன விமானத்தில் ஏறிப் போனால்தான் குரங்கு குரங்காகத் தெரியும்.

இந்த வருடம் பெப்ரவரி இருபதாம் திகதி ஒரு மாத லீவில் அதைப் பார்க்கப் போனான். இப்போது ஒக்டோபர். ஆள் திரும்பவில்லை. வேலையையும் மெயில் போட்டே விட்டுவிட்டான். ஒரு முறைகூடப் போன் பண்ணவில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தகப்பனுக்கு மட்டும் இரண்டு வரி மெயில் வந்தது. போன சனிக்கிழமை முதல் தடவையாக அதோடு ஒரு படம்.

"பொலிசுக்குச் சொல்லேல்லையோ அங்கிள்?" என்று மதுஜா கேட்டிருந்தாள்.

"கிழமைக்குக் கிழமை மெயில் போடுற ஆம்பிளையைக் காணேல்லை எண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? சிரிப்பாங்கள்."

அவனைத் தவிர அவருக்கு ஒரு மகள், ஹரிஷா. ஷாஃப்ஹவுசனில் ஒரு மருந்துக்கடையில் வேலை. தாய் இறந்து ஒன்பது வருடம்.

படத்தில் சாயிசன் சிரித்துக்கொண்டு நின்றான். பின்னால் மண் நிறத்தில் பாலைவனம். அதில் பெரிய குரங்கு, வால் சுருண்டிருந்தது. குரங்கின் கோடுகள் வெள்ளையாக எரிந்தன. சண்முகநாதனின் பகிடி அதைப் பற்றியதுதான்.

"வெயில் பட்டால் முழுத்தரையும் பளிச்செண்டு தெரிய வேணும்," என்றாள் மதுஜா. "இஞ்ச கோடு மட்டும் எரியுது. வெளிச்சம் பின்னுக்கிருந்து வருது. தரைக்குப் பின்னால வெளிச்சம் இராது. நீங்கள் சொன்னது சரி அண்ணை."

"அப்ப சம்பளத்தைக் கூட்டும்."

அவள் இன்னொரு படத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்தாள். விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட அசல் குரங்கு. "எண்ணிப் பாருங்கோ. இந்தக் குரங்குக்கு ஒரு கையில அஞ்சு விரல், மற்றக் கையில நாலு. மொத்தம் ஒன்பது. சாயிசன்ர படத்திலயும் ஒன்பது. ஆனா கை மாறியிருக்கு, அஞ்சு இருக்க வேண்டிய கையில நாலு."

"படத்தை ஆரோ தலைகீழாப் பிடிச்சிருப்பினம்."

மதுஜா எழும்பிப் போய்க் கழுவுத்தொட்டிக்கு மேலே தொங்கிய மஞ்சள் ரப்பர் கையுறையை எடுத்து அவர் மடியில் போட்டாள். "இது இடக்கை. திருப்புங்கோ. தலைகீழாப் பிடியுங்கோ. வலக்கை ஆகுதோ?"

சண்முகநாதன் திருப்பினார், கவிழ்த்தார், தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தார். இருபத்தொரு வருடம் கையில் மாட்டிய சாமான், அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு உள்பக்கத்தை வெளியே இழுத்தார். வலக்கையாகிவிட்டது.

"உள்ளுக்கால பாத்தா மட்டும் மாறும்," என்றாள் மதுஜா. "படத்தைக் கணினியில திருப்பியிருக்கினம் எண்டால் அவன்ர ஜக்கெட்டில இருக்கிற எழுத்தும் திரும்பியிருக்க வேணும். அது நேராய் இருக்கு. ஆக, படம் சரி. குரங்குதான் பிறத்தி, பின்பக்கமாத் தெரியுது. அது கடைக் கண்ணாடியில ஒட்டின குரங்கு. கடைக்காரர் வெளியால போறவைக்குத் தெரிய ஒட்டுவினம். இவன் உள்ளுக்கு நிக்கிறான். பின்னால இருக்கிறது தெரு வெளிச்சம்."

சண்முகநாதன் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படத்தின் அடிப்பக்கத்தைத் தடவினார். சாயிசனின் முழங்காலுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு குமிழ். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம்.

"நாஸ்காவிலயும் ஹைட்சுங் பூட்டியிருக்கிறாங்கள் போல."

அது சுவிஸ் வீடுகளில் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் அதே வெப்பமூட்டிக் குமிழ். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்ப ஆள் சுவிசில நிக்கிறான்!"

"ஒரு ஹைட்சுங் சுவிசில நிக்குது," என்றாள் மதுஜா. "அவ்வளவுதான் தெரியும். காரை எடுங்கோ."

பெரியவர் தந்த கடதாசிகளுக்குள் சாயிசனின் பயண விபரமும் இருந்தது. டிக்கெட் எடுத்தது ஆராவில், பழைய நகரப் பக்கத்தில் தென்னமெரிக்கப் பயணங்கள் மட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்றில்.

மூடுபனி ஓட்டோபான் நெடுஞ்சாலை வரைக்கும் இறங்கியிருந்தது. வழி முழுக்கச் சண்முகநாதனின் வாய் ஓயவில்லை. ஆள் யாரோ பெட்டையோடு ஆராவில் குடியிருக்கிறான், தகப்பனுக்குச் சொல்லப் பயத்தில் பெருவில் இருப்பதாகப் படம் காட்டுகிறான், கலியாணத்துக்கு எங்களையும் கூப்பிட வேண்டும் என்றார். மதுஜாவின் வாயோரம் இலேசாக இளகியிருந்தது. அவர் அதைக் காரின் கண்ணாடியில் பார்த்தார்.

ஆராவில் அவள் இறங்கி முன்னே நடந்தாள். அவர் காரை நிறுத்திவிட்டு வருவதாகச் சொன்னார். நிறுத்தினார். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, நாற்காலி நுனியில் கோட்டோடு உட்கார்ந்திருந்த அந்த மனுஷனை நினைத்தார். ஏழு மாதம். ஒரு வசனம் கேட்டால் அந்த ஆள் இன்றைக்கு மத்தியானமாவது ஒழுங்காகச் சாப்பிடும். போனை எடுத்தார்.

"அண்ணை, நான் சண்முகநாதன். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உங்கட மகன் சுவிசுக்குள்ளதான் நிக்கிறார் போல கிடக்கு. பின்னேரம் நல்ல செய்தியோட வாறம்."

மறுபக்கத்தில் கனகரத்தினத்தின் குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"தம்பி, அவனுக்குக் கணவாய் மீன் எண்டா உயிர். நான் போய் வாங்கி வைக்கிறன்."

சண்முகநாதன் கடையைக் கண்டுபிடித்தபோது மதுஜா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கடையின் முன் கண்ணாடி பளிங்குபோலச் சுத்தமாக இருந்தது. குரங்கு இல்லை. உள்ளே ஜன்னலுக்குக் கீழே வெள்ளைக் குமிழோடு வெப்பமூட்டி மட்டும் இருந்தது.

கடைக்காரி ஐம்பது வயதுச் சுவிஸ் பெண்மணி. மதுஜா படத்தைக் காட்டியதும் அவள் முகம் மலர்ந்தது. அவளுடைய சுவிஸ் ஜெர்மன் ஆராவுக்கே உரிய நிதானத்தோடு வந்தது.

"ஐயோ, என்னுடைய குரங்கு! நல்ல ஒட்டுப்படம் அது. மண் நிறம், கோடுகளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். பெப்ரவரி தொடக்கத்தில் யாரோ கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். பத்தாம் திகதி புதுக் கண்ணாடி போட்டது. மறுபடி ஒட்டவில்லை."

"இவரை ஞாபகம் இருக்கிறதா?" மதுஜாவின் குரல் மாறியிருந்தது.

"இல்லாமல் என்ன. மூன்று தரம் வந்தார். விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் குரங்கு நன்றாகத் தெரியும் என்று கேட்டுக் கேட்டு என்னைக் கொன்றுவிட்டார். இந்தப் படம் ஜனவரி கடைசியில், டிக்கெட் வாங்க வந்த நாள் எடுத்தது. இதோ, அதே ஜக்கெட். தங்கையும் வந்திருந்தாள். அவள்தான் தன்னுடைய போனில் எடுத்தாள். ஆசைப்பட்டபடி பார்த்துவிட்டாரா?"

மதுஜா நன்றி சொன்னாள்.

தெருவில் இருவரும் காரை நோக்கி நடந்தார்கள். சண்முகநாதனுக்கு முழங்கால் நொந்தது. சாயிசன் புறப்பட்டது பெப்ரவரி இருபது. குரங்கு உடைந்தது பெப்ரவரி தொடக்கம். ஆக, படம் அவன் போவதற்கு முன்னர் எடுத்தது. அதை இப்போது அனுப்பக்கூடியவர் அதை வைத்திருப்பவர்தான்.

"ஹரிஷா," என்றாள் மதுஜா. "ஷாஃப்ஹவுசனுக்கு விடுங்கோ."

கார் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். "பிள்ளை, நான் ஒரு பிழை விட்டிட்டன்."

சொன்னார். மதுஜா காரின் கூரை மேல் கையை வைத்தபடி கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கணவாய் வாங்கப் போனவரோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்."

அதற்குப் பிறகு ஷாஃப்ஹவுசன் வரைக்கும் அவர் ஒரு பகிடியும் சொல்லவில்லை.

ஹரிஷா வெள்ளை மேலங்கியோடு மருந்துக்கடைப் பின்வாசலால் வந்தாள். முப்பது வயது, தமையனின் அதே நெற்றி. மதுஜா போனில் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்தாள். ஹரிஷா பார்த்தாள், பிறகு உள்ளே போய் மேலங்கியைக் கழற்றிவிட்டு ஜக்கெட்டோடு வந்தாள். மூவரும் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். ரைன் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. ஈரமான வாங்குப் பலகையில் அவள் நடுவில் உட்கார்ந்தாள்.

"அண்ணா எங்க?" என்று மதுஜா கேட்டாள்.

"தெரியாது அக்கா."

"எவ்வளவு காலமாத் தெரியாது?"

"மார்ச் பன்னிரண்டு."

அவள் போனைத் தேடி ஒரு மெயிலை எடுத்து நீட்டினாள். மார்ச் பதினொன்று, சாயிசன் தங்கைக்கு எழுதியது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான், நடுவில் நடுவில் ஜெர்மன். மதுஜா தடக்கித் தடக்கி வாசித்தாள்.

'ஹரி, இண்டைக்கு மேல போனன். ஆறு பேர் பிளேன். ஏத்த முதல் எல்லாரையும் தராசில ஏத்தி நிறுத்தாங்கள். குரங்கு வரேக்க பைலட் பிளேனைச் சரிச்சான், வயித்தைப் பிரட்டிச்சுது. ஆனா பாத்திட்டன். ஒன்பது விரல். நானே எண்ணினன். எல்லாரும் மேல இருந்துதான் பாக்கினம். கீறினவன் ஒரு நாளும் மேல போகேல்லையே. அவன் நிலத்தில நிண்டு என்னத்தைக் கண்டான்? எனக்கு அதைப் பாக்க வேணும். சித்திரத்துக்குக் கிட்டப் போக விடமாட்டாங்கள், போகவும் கூடாது. ஆனா வெளியால ஒரு நேர்க்கோடு கிலோமீட்டர் கணக்கில போகுது. நாளைக்கு விடிய அதுக்குத் தள்ளி நடந்து, அந்தக் கோடு எந்த மலையைப் பாத்து நிக்குது எண்டு பாக்கப் போறன். மத்தியானத்துக்குள்ள வந்திடுவன். அப்பாவுக்குச் சொல்லாதை. கோடு பாக்கிறதும் ஒரு வேலையோ எண்டு கேப்பார்.'

"அதுக்குப் பிறகு?"

"ஒண்டும் வரேல்லை." ஹரிஷா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அந்தக் கிழமைதான் அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்து, உடனை பைபாஸ் எண்டவை. பதினெட்டாம் திகதி ஒப்பரேசன். பதினேழாம் திகதி அப்பா ஆஸ்பத்திரியில இருந்து, அவன் எங்க, அவன் எங்க எண்டு கேட்டபடி. அண்ணான்ர பழைய லப்டொப் என்ர வீட்டிலதான் கிடந்தது, மெயில் திறந்தபடி. பாத்தன். அவன் தங்கின வீட்டு அம்மா அண்டைக்குக் காலமைதான் எழுதியிருந்தா. ஸ்பானிஷ். மொழிபெயர்ப்பில போட்டு வாசிச்சன்."

"என்ன எழுதியிருந்தா?"

"'உங்கட பயணப் பாக் அஞ்சு நாளா இஞ்ச கிடக்கு. நடக்கப் போறன் எண்டு விடியப் போனனீங்கள். சுகமோ? பொலிசுக்குச் சொல்லட்டோ?'"

சண்முகநாதன் கண்களை மூடிக்கொண்டார்.

"பொலிசுக்குச் சொன்னா அவை வீட்டுக்குப் போன் அடிப்பினம் எண்டு நினைச்சன் அக்கா. அடுத்த நாள் நெஞ்சைத் திறக்கப் போற மனுஷன். அண்ணா எங்கையாவது சிநேகிதங்களோட போயிருப்பான், ரெண்டு நாளில எழுதுவான் எண்டு…" அவள் நிறுத்தினாள். "நான் அந்த அம்மாவுக்கு அவன் மாதிரியே பதில் எழுதினன். 'சுகம். சிநேகிதரோட நிக்கிறன். பாக் அங்கையே இருக்கட்டும்.' பிறகு அப்பாவுக்கும் ஒண்டு எழுதினன். அப்பா அதை வாசிச்சிட்டுத்தான் ஒப்பரேசனுக்குப் போனவர்."

ஆற்றில் ஒரு மரப்பலகை மிதந்து போனது.

"பிறகும் ஏன் சொல்லேல்லை?" என்றாள் மதுஜா. கேள்வியில் கடுமை இல்லை.

"ஒரு கிழமை போச்சு. லீவு முடிய அவன்ர வேலைக்கும் நானே மெயில் போட்டன். பிறகு ஒரு மாசம். ஒவ்வொரு நாளும் போகப் போக, நான் ஏன் நேற்றுச் சொல்லேல்லை எண்டதுக்குக் காரணம் வேண்டியிருந்தது. மே மாசம் தாங்க ஏலாமல் அந்த அம்மாவுக்கு உண்மையை எழுதினன். ஊராக்கள் ரெண்டு நாள் தேடினவையாம். கல்லும் மண்ணும்தானாம். குடும்பத்தில ஆரும் முறைப்பாடு குடுத்தாத்தான் மேற்கொண்டு தேடலாம் எண்டு அங்கத்தைப் பொலிஸ் சொன்னதாம். குடுத்தா அப்பாவுக்குத் தெரியும். குடுக்கேல்லை."

"படம்?"

"போன கிழமை அப்பா, ஒரு படமாவது போடச் சொல்லு எண்டார். என்னட்ட இருந்தது அது ஒண்டுதான்."

"எவ்வளவு தண்ணி கொண்டு போனவன்?" என்று சண்முகநாதன் கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"ரெண்டு போத்தில் வாங்கினவனாம்."

மதுஜா மெதுவாகச் சொன்னாள்: "பதினேழாம் திகதி நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருந்தாலும், ஹரிஷா, அதுக்குள்ள அஞ்சு நாள்…"

"அதை நான் ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லுறன் அக்கா. உதவேல்லை."

சண்முகநாதனுக்கு அவளைத் திட்ட வேண்டும்போல இருந்தது. திட்ட வார்த்தை தேடினார். காலையில் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு தான் சொன்ன வசனம்தான் வந்தது. *ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ.* இவளும் இதைத்தான் எழுதியிருப்பாள். இதே சொற்களைத்தான்.

"எழும்பு பிள்ளை," என்றார். "அப்பாட்டப் போவம்."

அவள் மறுக்கவில்லை. காரின் பின் சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தால் இடையில் கூட்டிப்போகும் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தாள். டீட்டிகோன் வந்து சேர நாலு மணியாகிவிட்டது.

கனகரத்தினத்தின் வீடு மூன்றாம் மாடி. இரண்டாம் மாடியிலேயே கணவாய்க் கறி மணத்தது. கதவைத் திறந்த மனுஷன் சவரம் செய்து, கோடு விழ அயர்ன் பண்ணிய சட்டை போட்டிருந்தார். மதுஜாவைப் பார்த்தார், சண்முகநாதனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு அவர்களைத் தாண்டி மாடிப்படியை எட்டிப் பார்த்தார்.

"கீழ நிக்கிறானோ?"

உள்ளே மேசையில் ஐந்து சாப்பாட்டுக் கோப்பைகள் வைத்திருந்தார். சோற்றுச் சட்டியை ஆறாமல் துவாயால் சுற்றியிருந்தார்.

"அண்ணை, நான் காலமை சொன்னது பிழை," என்றார் சண்முகநாதன். "தெரியாமல் சொல்லிட்டன். என்னை மன்னிக்க வேணும்."

கனகரத்தினம் அவரைக் கவனிக்கவில்லை. மகளையே பார்த்தார். "ஹரி, நீதான் எழுதுறாய் எண்டு எனக்கு ஆஸ்பத்திரியிலயே தெரியும். இப்ப சொல்லு, அவன் எங்க?"

ஹரிஷா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடி அங்கிள் தெரியும்?" என்று மதுஜா கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு விடை பிடிபட்டுவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"அவன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில நாலாம் வகுப்போட ஓடினவன் பிள்ளை. அம்மா எண்டுற சொல்லையே பிழையா எழுதுவான். வந்த மெயில் எல்லாம் நல்ல தமிழ். ஏழு மாசத்தில ஒரு எழுத்துப் பிழை இல்லை." அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "போக முதல் என்னையும் வரச் சொல்லிக் கேட்டவன். டிக்கெட் எடுக்கிறன், வாங்கோ, சேர்ந்து பாப்பம் எண்டு. நான் ஏசிப்போட்டன். மண்ணில கீறின கோடு பாக்க ஒரு மனுஷன் பூமியைச் சுத்திப் போவானோ எண்டு. அண்டையோட என்னோட கதைக்கேல்லை. அந்தக் கோவத்திலதான் எழுதாமல் இருக்கிறான், தங்கச்சியை விட்டு எழுதுவிக்கிறான் எண்டு நினைச்சன். இவளுக்கு அவன் இருக்கிற இடம் தெரியும், சொல்ல மாட்டாள் எண்டுதான் உங்களிட்ட வந்தனான்."

அவர் மதுஜாவையும் சண்முகநாதனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கோவம் எண்டா ஆள் இருக்கெண்டுதானே அர்த்தம்?"

அப்போதுதான் ஹரிஷா சொன்னாள். நின்றபடியே, மார்ச் பன்னிரண்டிலிருந்து மே மாதம் வரை, எதையும் மறைக்காமல் சொன்னாள். பாக், அந்த அம்மாவின் கேள்வி, தன்னுடைய பதில். அந்தப் பதிலைச் சொல்லுக்குச் சொல் சொன்னாள். தகப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். அயர்ன் பண்ணிய சட்டைக்குள் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைச் சண்முகநாதன் பார்த்தார். அந்த நெஞ்சைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

அவள் முடித்ததும் கனகரத்தினம் மேசையில் இருந்த ஒரு கோப்பையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஏப்ரலில, ஆஸ்பத்திரியால வந்த உடனை, நான் உன்னை ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்," என்றார். "ஒரே ஒரு கேள்வி."

"அப்பா…"

"என்னோட இப்ப கதையாதை."

மதுஜா போனை எடுத்தாள். "அங்கிள், முறைப்பாடு குடுக்க வேணும். இண்டைக்கே. அதுக்குப் பிறகுதான் அங்க ஆரும் அசைவினம்." ஆள் கிடைப்பான் என்று அவள் சொல்லவில்லை. எலும்பு கிடைக்கும் என்றும் சொல்லவில்லை.

பொலிஸ் இலக்கத்தை அழுத்தி, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள். ஒரு இளம் பெண் அதிகாரியின் குரல். ஹரிஷா முன்னுக்கு வந்து, "நான் சொல்லுறன்" என்றாள். கனகரத்தினம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முப்பத்தைந்து வருடமாக வேலைத்தலங்களில் பொறுக்கிய ஜெர்மனில் பதில் சொன்னார். மகனின் பெயர். பிறந்த திகதி. உயரம். இடது புருவத்தில் தழும்பு, மூன்று வயதில் சைக்கிளால் விழுந்தது. கடைசியாகக் கண்டது எப்போது? மார்ச் பன்னிரண்டு.

"மார்ச்சா?" குரல் தயங்கியது. "ஏழு மாதம். ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை?"

ஹரிஷாவின் கை போனை நோக்கி நீண்டது. தகப்பன் அதைப் பாராமலே போனை இன்னும் தள்ளி வைத்தார்.

"நான்தான் சொல்லவில்லை," என்றார் ஜெர்மனில். "மெயில் அவன் எழுதியதல்ல என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை."

அதிகாரிக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்டாள். அவர் அதே வசனத்தை அதே மாதிரிச் சொன்னார். மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. ஹரிஷா சுவரோடு சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். மதுஜா போய் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். சண்முகநாதன் கறிச் சட்டியை மூடி வைத்தார்.

"இடத்தின் பெயர்?" என்று குரல் கேட்டது.

"நாஸ்கா."

"எழுத்தெழுத்தாகச் சொல்ல முடியுமா?"

கனகரத்தினம் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஜெர்மன் எழுத்துகளாகச் சொன்னார். "என். ஆ. எஸ். ட்ஸே. ஆ."

"நடுவில் எஸ்ஸா, இஸட்டா? இங்கே எனக்கு இரண்டும் காட்டுகிறது."

"இரண்டு மாதிரியும் எழுதுவார்கள்," என்றார் அவர். "என்ர மகன் எஸ் போட்டுத்தான் எழுதுவான்."